பதினொரு பேர்ச்: வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் வரலாறு

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ரொறன்ரோவிலிருந்து அக்காவும் லண்டனிலிருந்து அண்ணாவும் ஒரே அழைப்பில் என்னுடன் பேசினார்கள். அப்பாவின் திவச நாளில் அன்றி அவர்கள் இருவரும் சேர்ந்து அழைப்பதில்லை. ஆகவே ஏதோ முக்கியமான விடயம் என்று அப்போதே எனக்கு விளங்கிவிட்டது.

வெள்ளவத்தையில் நாங்கள் வாழும் வீட்டைக் கேட்டு ஒரு கட்டட நிறுவனம் வந்திருக்கிறது. பழைய வீட்டை இடித்து, தரைத்தளத்தில் வாகனத் தரிப்பிடமும் மேலே ஐந்து தளங்களில் பத்துத் தொடர்மாடி வீடுகளும் கட்டுவார்கள். அவற்றில் இரண்டு எங்களுக்கு. மேலதிகமாக ஒரு தொகைப் பணமும் தருவார்கள். வீட்டின் கூரை ஒழுகுகிறது. சுவர்களில் உப்புக் காற்று அரித்த தழும்புகள். அம்மாவுக்கு 86 வயது. எனக்கோ இன்னும் சில ஆண்டுகளில் ஓய்வு வயது. "நீதானே அங்கை இருக்கிறாய். நீயே ஒரு முடிவைச் சொல்லு" என்றார் அக்கா. "அம்மாட்டைக் கேட்டியோ?" என்றார் அண்ணா. நான் கேட்டிருக்கவில்லை.

அன்றிரவு அம்மாவின் தகரப் பெட்டியைத் திறந்தேன். மூன்று தசாப்தங்களாகப் பத்திரிகைத் துறையில் இருக்கிறேன். பிறருடைய காணிகளைப் பற்றி, அவை பறிபோனதைப் பற்றி, மீட்கப்பட்டதைப் பற்றி எத்தனையோ பத்திகள் எழுதியிருக்கிறேன். ஆனால் நான் வளர்ந்த வீட்டின் உறுதியை அன்றுவரை முதலிலிருந்து கடைசிவரை வாசித்ததில்லை. அந்தப் பெட்டியிலிருந்த கடதாசிகள் ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்கின்றன. அதேவேளை, கொழும்பின் புறத்தே தமிழர்கள் வீடு வாங்கிய, விற்ற, காத்த வரலாற்றையும் சொல்கின்றன. அதனை இங்கு எழுதிவைக்க விரும்புகிறேன்.

மணல் தோட்டம் நகரமான கதை

வெள்ளவத்தை என்பது சிங்களத்தில் மணல் தோட்டம் என்று பொருள்படும். தென்னையும் மணலுமாகக் கிடந்த கடலோர நிலம் அது. 1870களின் இறுதியில் கொழும்பிலிருந்து தெற்கு நோக்கிக் கரையோரத் தொடருந்துப் பாதை போடப்பட்டபோது இந்த நிலத்தின் தலைவிதி மாறத் தொடங்கியது. கோட்டையில் வேலை செய்து கடலோரத்தில் குடியிருக்கும் வாழ்க்கை சாத்தியமாயிற்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமைந்த வெள்ளவத்தை நெசவாலை தொழிலாளர்களைக் கொண்டுவந்து சேர்த்தது. அவர்களில் மலையாளிகள் பலர். காலி வீதியின் இரு மருங்கிலும் பெரிய தோட்டங்கள் துண்டாடப்பட்டு, கடலை நோக்கி நீளும் ஒழுங்கைகளாயின. இன்றைக்கும் அந்த ஒழுங்கைகளின் அமைப்பைப் பார்த்தால் பழைய தோட்டங்களின் எல்லைகளை ஊகிக்கலாம்.

யாழ்ப்பாணத்தவரின் வருகை வேறொரு தொடருந்தோடு தொடர்புடையது. வடக்குக்கான பாதை 1905இல் காங்கேசன்துறை வரை முழுமையடைந்தது. ஆங்கிலம் படித்த இளைஞர்கள் எழுதுவினைஞர்களாகக் கொழும்புக்கு வந்தார்கள். எனினும் அவர்கள் இங்கு வீடு வாங்கவில்லை. நான்கைந்து பேராகச் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, சமையற்காரர் ஒருவரை வைத்து வாழ்ந்தார்கள். அதற்குச் 'சமறி' என்று பெயர். சம்பளத்தில் ஒரு பகுதி மணியோடராக ஊருக்குப் போகும். ஊரில் கல்வீடு எழும்பும், கிணறு வெட்டப்படும், தங்கைக்குச் சீதனம் சேரும். கொழும்பு சம்பாதிக்கும் இடம். வீடு என்றால் அது ஊரில்தான். 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியபோது இந்த மனப்பான்மை மேலும் வலுப்பெற்றது. வெள்ளியன்று ஏறினால் ஊரில் சனியும் ஞாயிறும் நிற்கலாமென்றால் கொழும்பில் வீடு எதற்கு?

விதிவிலக்கானவர்களும் இருந்தார்கள். மலாயாவில் தொடருந்துத் துறையிலும் அரச அலுவலகங்களிலும் பணியாற்றித் திரும்பிய 'மலாயன் பென்சனியர்'கள் அவர்களில் முக்கியமானவர்கள். கையில் காசு இருந்தது. பிள்ளைகளின் படிப்பு கொழும்பில். வெள்ளவத்தையிலும் தெகிவளையிலும் அவர்கள் வீடுகள் வாங்கினார்கள். எங்கள் அப்பாவின் பெரிய மாமி அப்படியொருவரின் விதவை. பிள்ளைகள் இல்லை. தெகிவளையில் நான்கு வீடுகள் இருந்தன. அந்த நான்கு வீடுகளுக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

முதுசொம், சீதனம், தேடியதேட்டம்

பெட்டியிலிருந்த முதலாவது கடதாசி 1960ஆம் ஆண்டின் சீதன உறுதி. வலிகாமம் வடக்கில் உள்ள எங்கள் ஊரில் 18 பரப்புப் புகையிலைக் காணியையும் ஒரு வீட்டு வளவையும் பாட்டனார் அம்மாவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

யாழ்ப்பாணத்தவரின் சொத்துரிமையை விளங்கிக்கொள்வதற்கு தேசவழமையைத் தெரிந்திருக்க வேண்டும். ஒல்லாந்தர் ஆட்சியில், யாழ்ப்பாணத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் மக்களின் வழமைகளைத் திரட்டி 1707இல் ஒப்படைத்த தொகுப்பு அது. 1806இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்ட வலு அளித்தார்கள். முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்து மூவகைப்படும். பெற்றோரிடமிருந்து வழிவழி வந்தது முதுசொம். பெண்ணுக்குத் திருமணத்தின்போது கொடுத்தது சீதனம். திருமண வாழ்வில் ஈட்டியது தேடியதேட்டம். சீதனம் பெண்ணுக்குரியது. ஆனால் 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் கட்டளைச் சட்டத்தின்படி, அசையாச் சொத்தை விற்பதற்குக் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் அவளுக்கு வேண்டும். ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு இது. பெண்ணுரிமையாளர்கள் நெடுங்காலமாக இதனைக் கண்டித்து வந்திருக்கிறார்கள். இதே ஏற்பாடுதான் எங்கள் வீட்டைக் காப்பாற்றியது என்றால் நம்புவது கடினம். அதற்கும் பின்னர் வருகிறேன்.

இரண்டாவது கடதாசி 1964ஆம் ஆண்டின் அறுதி உறுதி. அந்தப் 18 பரப்பையும் அம்மா விற்றிருக்கிறார். கீழே "என் சம்மதத்துடன்" என்று அப்பாவின் கையொப்பம். வடக்கிலே காணி விற்பதும் இலேசான காரியமன்று. தேசவழமையில் முன்னுரிமைக் கொள்வனவு என்று ஒன்று உண்டு. பங்காளிகளுக்கும் உரித்தாளருக்கும் முதலில் அறிவித்து, அவர்கள் வேண்டாமென்ற பின்னரே பிறருக்கு விற்கலாம். 1947ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் அதற்கான முறையை வகுத்தது. காணி குடும்பத்தை விட்டுப் போகக்கூடாது என்பதே அதன் நோக்கம். கொழும்பில் அப்படியொரு தடையில்லை. காசு முதலில் வைத்தவனுக்குக் காணி.

மூன்றாவது கடதாசியும் அதே 1964ஆம் ஆண்டுக்குரியது. வெள்ளவத்தையில் கடற்பக்க ஒழுங்கை ஒன்றில் 11 பேர்ச் நிலமும் அதிலுள்ள ஓட்டு வீடும் 32,000 ரூபாவுக்கு அம்மாவின் பெயரில் வாங்கப்பட்டிருக்கின்றன. 18,000 ரூபா புகையிலைக் காணியிலிருந்து வந்தது. 10,000 ரூபா ஈட்டு வங்கிக் கடன். மிகுதி 4,000 அம்மாவின் நகையும் ஒரு சீட்டுப் பணமும். 160 பேர்ச் ஓர் ஏக்கர். 16 பரப்பும் ஓர் ஏக்கர். ஆகவே ஒரு பரப்பு 10 பேர்ச்சுக்குச் சமம். ஊரில் 180 பேர்ச்சைக் கொடுத்து, அதற்கு மேல் கடனும் பட்டு, கொழும்பில் 11 பேர்ச் வாங்கியிருக்கிறார்கள். பாட்டனார் இதற்காக அப்பாவோடு இரண்டு ஆண்டுகள் பேசவில்லையாம்.

சீதனக் காணியின் பணத்தில் வாங்கியதால் புதிய வீடு அம்மாவின் பெயருக்கே வந்தது. அவ்வாறு எழுதவேண்டுமென்று வற்புறுத்தியவர் அம்மாதான் என்று பிற்காலத்தில் அறிந்தேன்.

உறுதி முடித்த முறையையும் சொல்ல வேண்டும். 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. நொத்தாரிசு ஒருவர் முன்னிலையில், இரு சாட்சிகளோடு எழுத்தில் முடிக்கப்படாத காணி விற்பனை இந்நாட்டில் செல்லாது. அதன் பின்னர் காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும். பதிவு உரித்தை உருவாக்குவதில்லை. ஒரே காணிக்கு இருவர் உறுதி வைத்திருந்தால் முதலில் பதிந்தவருக்கு முன்னுரிமை அளிக்கிறது. ஆகவே காணி வாங்குபவர் விற்பவரின் முகத்தைப் பார்ப்பதில்லை. பதிவேட்டின் பழைய பக்கங்களைப் பார்க்கிறார். எங்கள் உறுதியோடு இணைந்திருந்த தேடல் குறிப்பில் ஒரு சிங்களக் குடும்பம், ஒரு பறங்கியர், ஒரு செட்டியார், மீண்டும் ஒரு பறங்கியர் என்று உரிமையாளர் வரிசை செல்கிறது. அந்தக் கடைசிப் பறங்கியர் குடும்பம்தான் எங்களுக்கு விற்றது. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்த பின்னர் அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்ட பறங்கியர் பலரில் அவர்களும் அடங்குவர். ஒரு சமூகம் வெளியேறும்போது விற்ற வீட்டை, அடுத்து வெளியேறப்போகும் சமூகம் வாங்கியது. 1964இல் அதை யார் அறிந்திருக்க முடியும்?

1958ஆம் ஆண்டு கலவரத்தில் அகதியாகிக் கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனவர்தான் எங்கள் அப்பா. அப்படிப்பட்டவர் ஆறே ஆண்டுகளில் கொழும்பில் வீடு வாங்கினார் என்பது இன்று பலருக்கு வியப்பாக இருக்கலாம். அவருடைய தலைமுறை 1958ஐ ஒரு விபத்தாகவே கருதியது. வீடு சொந்தமாக இருந்தால் வேர் ஊன்றிவிடலாம் என்றும், வேர் ஊன்றியவனை எவரும் இலகுவில் அசைக்க முடியாது என்றும் நம்பியது.

வாடகைக்காரரும் வீட்டுக்காரரும்

1970களில் வீட்டுடைமைக்கு வந்த சோதனை இனத்தின் பெயரால் வரவில்லை. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் வாடகையைக் கட்டுப்படுத்தியதோடு, குடியிருப்பவரை எழுப்புவதையும் மிகக் கடினமாக்கியது. 1973ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய வீடுகளின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு விதித்தது. அப்போது வீடமைப்பு அமைச்சராக இருந்தவர் கம்யூனிஸ்ட் கட்சியின் பீற்றர் கெனமன். தனியொருவருக்கு இரண்டு வீடுகள். குடும்பமாயின் இரண்டோடு, தங்கி வாழும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் சேர்த்துக்கொள்ளலாம். மிகையானவை வீடமைப்பு ஆணையாளரிடம் சேரும். அங்கு குடியிருப்பவர் அவற்றை வாங்கிக்கொள்ளலாம்.

பெரிய மாமியின் நான்கு வீடுகளில் இரண்டு அவ்வாறு போயின. நட்டஈடு காலந்தாழ்த்தி வந்தது. மூன்றாவது வீட்டில் இருந்தவர் பழைய வாடகையையே கட்டிக்கொண்டு எழும்ப மறுத்தார். வழக்கு ஒன்பது ஆண்டுகள் நடந்தது. ஈற்றில் மாமி அவருக்கே அவர் சொன்ன விலைக்கு அதை விற்றார். இதைச் சொல்லும்போது அம்மா கோபப்படுவார். ஆனால் மறுபக்கமும் ஒன்று உண்டு. மாமியின் வீடுகளை அவ்வாறு சொந்தமாக்கிக்கொண்ட மூன்று குடும்பங்களில் ஒன்று சிங்களக் குடும்பம், ஒன்று முஸ்லிம் குடும்பம், மற்றொன்று எங்கள் ஊரவர். சாதாரண ஆசிரியரான அந்த ஊரவர் வேறெந்த வழியிலும் கொழும்பில் வீட்டுக்காரராகியிருக்க முடியாது. அச்சட்டங்கள் பலரை நொடிக்கச் செய்தன. பலரை வாழவும் வைத்தன. அதன் மற்றொரு விளைவு, வீட்டை வாடகைக்கு விடுவதற்கே மக்கள் அஞ்சியது. அப்பா முன் அறைகள் இரண்டையும் பூட்டியே வைத்திருந்தார். வாடகை வருமானம் இல்லாமற் போனாலும் வீடு போகாது என்பது அவர் கணக்கு. 1980இல் திருத்தம் வந்து புதிதாகக் கட்டும் வீடுகளுக்கு விலக்களிக்கப்பட்ட பின்னரே நிலைமை இளகியது.

1983

அந்த யூலையில் எனக்கு 14 வயது. 24ஆம் திகதி இரவு பொரளையில் தொடங்கியது, 25ஆம் திகதி திங்கட்கிழமை வெள்ளவத்தைக்கு வந்தது. வந்தவர்களின் கைகளில் வாக்காளர் பட்டியல்கள் இருந்தன என்பது பலராலும் பதிவு செய்யப்பட்ட உண்மை. எங்கள் ஒழுங்கையில் நான் கண்ணால் கண்ட ஒன்றை இங்கு பதிவு செய்கிறேன். எங்களுக்கு மூன்று வீடுகள் தள்ளி ஒரு தமிழ்க் குடும்பம் வாடகைக்கு இருந்தது. வீட்டின் சொந்தக்காரர் சிங்களவர். அங்கே தளபாடங்களையும் உடுப்புகளையும் வீதிக்கு இழுத்து வந்து குவித்துத்தான் தீ வைத்தார்கள். வீட்டைத் தொடவில்லை. எங்கள் வீட்டுக்கோ உள்ளேயே தீ வைத்தார்கள். இப்படிக் கொழும்பின் பல இடங்களிலும் நடந்ததாகப் பின்னர் வாசித்தேன். எந்த வீடு யாருக்குச் சொந்தம் என்ற தகவல் காணிப் பதிவகத்தில் மட்டுமல்லாமல் வேறிடங்களிலும் இருந்திருக்கிறது. சொந்த வீடு வேரூன்றச் செய்யும் என்று அப்பா நம்பியிருந்தார். அன்று சொந்த வீடே எரிவதற்குக் காரணமாயிற்று.

அடுத்த வீட்டுச் சிங்கள அம்மையார் எங்களை இரண்டு இரவுகள் மறைத்து வைத்திருந்தார். அம்மா வீட்டிலிருந்து எடுத்து வந்தது ஒரேயொரு பொருள்: இந்தத் தகரப் பெட்டி. பின்னர் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாம். அதன் பின் கப்பல். 1958இல் போன அதே வழியில் அப்பா இரண்டாம் முறையாகக் காங்கேசன்துறையில் இறங்கினார்.

சேதமடைந்த சொத்துகளுக்கு அரசாங்கம் ஒரு விந்தையான ஏற்பாட்டைச் செய்தது. அவசரகால விதிகளின் கீழ் அவை அரசுடைமையாக்கப்பட்டு, புனர்வாழ்வுக்கென அமைத்த அதிகாரசபை ஒன்றின் பொறுப்பில் விடப்பட்டன. எரிந்த நிலங்களைத் தரகர்கள் அடிமாட்டு விலைக்கு வாங்காமல் தடுப்பதற்காக என்று காரணம் கூறப்பட்டது. ஆனால் வீட்டை இழந்தவருக்கு, வீடே தன்னுடையதல்ல என்ற அறிவித்தல் எப்படியிருந்திருக்கும்? விண்ணப்பித்து, நிரூபித்து, அலைந்து திரும்பப் பெற வேண்டியிருந்தது. பெட்டியிலிருந்த நான்காவது கட்டு அந்த அலைச்சலின் கடிதங்கள்.

தரகர்கள் எப்படியும் வந்தார்கள். ஊருக்கே வந்து கேட்டார்கள். எங்கள் ஒழுங்கையில் ஏழு தமிழ் வீடுகளில் நான்கு 1985க்குள் கைமாறிவிட்டன. அண்ணா 1984இல் லண்டன் போவதற்கு முகவருக்குக் காசு கட்ட வேண்டியிருந்தது. அப்பா விற்பதென்று முடிவெடுத்தார். உறுதி எழுதும் நாள்கூடக் குறிக்கப்பட்டது. அம்மா வரவில்லை.

சட்டம் அப்பாவின் சம்மதமின்றி அம்மா விற்க முடியாதென்று சொன்னது. ஆனால் அம்மாவின் கையொப்பமின்றி அப்பாவால் எதையும் விற்க முடியாது. தேசவழமையின் அந்தப் பழைய கயிறு இரண்டு பக்கமும் இழுபட்டது. "பதினெட்டுப் பரப்பைக் குடுத்து வாங்கினனான். எரிஞ்சது ஓடும் மரமும். மண் எரியேல்லை" என்று அம்மா சொன்னதாக அப்பா பலமுறை சொல்லியிருக்கிறார். இறுதியில் அண்ணாவின் பயணத்துக்கு ஊர் வளவை ஈடு வைத்தார்கள். 1985 தொடக்கத்தில் நாங்கள் திரும்பி வந்து, இரண்டு அறைகளுக்கு மட்டும் தகரம் போட்டு வாழத் தொடங்கினோம்.

தொடர்மாடிகளின் காலம்

1990 யூனில் போர் மீண்டும் மூண்டபோது ஊரிலிருந்த வளவு உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. யாழ்தேவி வடக்கே போவது நின்றது. 1995 ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தார்கள். எது தற்காலிக இருப்பிடம், எது வீடு என்ற பழைய கணக்கு தலைகீழாயிற்று. எங்கள் இரண்டு அறைகளில் ஒருகட்டத்தில் 13 பேர் இருந்தோம். கொழும்பு எரித்தவர்களைக் கொழும்புக்கே திரும்பவைத்தது போர்.

வெள்ளவத்தை 'சின்ன யாழ்ப்பாணம்' ஆனது அக்காலத்தில்தான். வெளிநாடு செல்லக் காத்திருப்போர் விடுதிகளை நிரப்பினார்கள். முன்னர் சென்றோர் பெற்றோருக்காக வீடு தேடினார்கள். கனடாவிலும் சுவிஸிலும் நோர்வேயிலும் இரவு வேலை செய்து சேர்த்த காசு இங்கே சீமெந்தாயிற்று. 1983இல் எரிந்து வெறுமையாகக் கிடந்த வளவுகளும், பழைய ஓட்டு வீடுகளும் ஒவ்வொன்றாகத் தொடர்மாடிகளாயின. அதற்கான சட்டம் 1973ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டிருந்தது. ஆதனத்தைத் தளம் தளமாகப் பிரித்து, ஒவ்வொரு வீட்டுக்கும் தனி உறுதியும், நிலம், படிக்கட்டு, கூரை ஆகிய பொது அம்சங்களில் பிரிக்கப்படாத பங்கும் அளிப்பது அச்சட்டம். உச்சவரம்பு வந்த அதே ஆண்டில் வந்த இச்சட்டம், கால் நூற்றாண்டு கழித்து எங்கள் மக்களாற் பெருமளவில் பயன்படுத்தப்பட்டது.

அதன் நுட்பங்களை நாங்கள் அடிபட்டே கற்றோம். 1999இல் அண்ணா அனுப்பிய காசில் வேறொரு ஒழுங்கையில் ஆறாம் தளத்தில் ஒரு வீட்டுக்கு என் பெயரில் முற்பணம் கட்டினேன். அழகான படத்தாளைக் காட்டினார்கள். அங்கீகரித்த வரைபடத்தில் ஐந்து தளங்கள்தான் இருந்தன என்பது குடிபுகுந்த பின்னர் தெரியவந்தது. கட்டடம் வரைபடத்தின்படி கட்டப்பட்டது என்ற இணக்கச் சான்றிதழ் கிடைக்கவில்லை. அது இல்லாமல் தொடர்மாடி வரைபடத்தைப் பதிய முடியாது. பதியாமல் தனி உறுதி இல்லை. சாவி கையில், வீடு காற்றில். ஐந்து ஆண்டுகள் இழுபட்டு நட்டத்தில் கைவிட்டோம். இன்று வாங்குபவர்களுக்கு நான் சொல்வது மூன்றே விடயங்கள்: அங்கீகரித்த வரைபடத்தில் உங்கள் தளம் இருக்கிறதா என்று பாருங்கள், இணக்கச் சான்றிதழைப் பார்க்காமல் மிகுதிப் பணம் கட்டாதீர்கள், விற்பவரின் நொத்தாரிசை நம்பி உங்கள் சட்டத்தரணியின் செலவை மிச்சம்பிடிக்காதீர்கள்.

வீட்டைச் சொந்தமாக வைத்திருப்பதும் அங்கே இருப்பதற்கான உரிமையும் ஒன்றல்ல என்பதை 2007 யூன் 7ஆம் திகதி நினைவூட்டியது. வெள்ளவத்தையிலும் கொழும்பின் ஏனைய பகுதிகளிலும் விடுதிகளிற் தங்கியிருந்த 376 தமிழர்கள் அதிகாலையில் பேருந்துகளில் ஏற்றப்பட்டு வடக்குக் கிழக்கு நோக்கி அனுப்பப்பட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. எங்கள் கதவிலும் அன்று தட்டினார்கள். நான் உறுதியின் பிரதியை நீட்டினேன். தட்டியவர் அதைப் பார்க்கவில்லை. பொலிஸ் பதிவுத் தாளைத்தான் கேட்டார்.

நான்காம் தளத்துக்கு மேலே

இப்போது அக்காவும் அண்ணாவும் அந்நிய நாட்டுப் பிரசைகள். 1963ஆம் ஆண்டின் நிதிச் சட்டம், பிரசையல்லாதவர் காணி வாங்கினால் காணியின் பெறுமதிக்குச் சமமான, அதாவது நூற்றுக்கு நூறு வரி கட்ட வேண்டுமென்றது. 2002இல் அது நீக்கப்பட்டு, 2004இல் திரும்பி வந்தது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் அந்நியருக்குக் காணியை விற்பதையே தடைசெய்தது. இரட்டைப் பிரசாவுரிமை உடையோருக்கும், உரித்தாகப் பெறும் நெருங்கிய உறவினருக்கும் விலக்கு உண்டு. அச்சட்டம் வந்தபோது, நான்காம் தளத்திலும் அதற்கு மேலும் உள்ள தொடர்மாடி வீடுகளை, முழுப் பணத்தையும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தால் அந்நியரும் வாங்கலாம் என்றிருந்தது. கடவுச்சீட்டின் நிறம் மாறியவர்கள் இந்த மண்ணில் வீடு வாங்க வேண்டுமானால், அன்று மண்ணிலிருந்து நான்கு தளம் உயர வேண்டியிருந்தது.

ஊர் வளவின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். போர் முடிந்து ஆண்டுகள் கழித்து அப்பகுதி கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டபோது நானும் அம்மாவும் போனோம். வீடு இருக்கவில்லை. கிணற்றின் கட்டை வைத்தே எல்லையைக் கண்டுபிடித்தோம். பத்து ஆண்டுகள் எதிரிடையாக ஆட்சி செய்தவர் காணிக்கு உரித்துக் கோரலாம் என்பது 1871ஆம் ஆண்டிலிருந்து வரும் சட்டம். போரினால் தமது காணிக்குப் போக முடியாதிருந்தவர்களுக்கு 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலம் அந்தக் கணக்கில் சேராது என்று 2016இல் விசேட சட்டம் ஒன்று வந்தது. எங்கள் காணியை எவரும் பிடித்திருக்கவில்லை. ஈட்டை அண்ணா எப்போதோ மீட்டுவிட்டார். அங்கே போய்க் குடியிருக்கத்தான் எங்களில் எவரும் இல்லை.

சென்ற வாரம் அம்மாவிடம் விடயத்தைச் சொன்னேன். அப்பா 2001இல் காலமாகிவிட்டார். இப்போது எவருடைய சம்மதமும் அம்மாவுக்குத் தேவையில்லை. 1964க்குப் பின்னர் முதன்முறையாக அம்மாவின் ஒற்றைக் கையொப்பமே போதும். அமைதியாகக் கேட்டார். பிறகு, தொடர்மாடி வீட்டுக்கு மண்ணில் பங்கு உண்டோ என்று கேட்டார். உண்டு, ஆனால் பிரித்தெடுக்க முடியாத பங்கு என்றேன். "எத்தினை பேர்ச் வரும்?" என்றார். பத்து வீடுகளும் ஒரே அளவென்றால் ஒரு வீட்டுக்கு ஒரு பேர்ச்சும் சொச்சமும். இரண்டு வீட்டுக்கு இரண்டேகால் பேர்ச் அளவில் என்று கணக்குச் சொன்னேன்.

"நூற்றெண்பதைக் குடுத்துப் பதினொண்டு. பதினொண்டைக் குடுத்து இரண்டு" என்றார் அம்மா. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "லிப்ற் இருக்குமோ? எனக்குப் படி ஏறேலாது" என்றார்.

லிப்ற் இருக்கும் என்றேன். மின்சாரம் நின்றால் என்ன செய்வதென்று கேட்டார். 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் நின்றதை அவர் மறந்திருக்கவில்லை. அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. கட்டட நிறுவனத்தாரிடம் மின்பிறப்பாக்கியைப் பற்றிக் கேட்டுவரும்படி சொல்லியிருக்கிறார். அங்கீகரித்த வரைபடத்தையும் கொண்டுவரச் சொன்னார்.

தகரப் பெட்டி இப்போது திரும்பவும் அம்மாவின் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. திறப்பை என்னிடம் தரவில்லை.